எழுபத்தி நாலு

"ஒண்டிலை இருந்து எண்ணுங்கோ பாப்பம்."
வர்ணிகா கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள்.
பிறகு தெளிவாய்ச் சொன்னாள்:
எழுபத்தி நாலு.
எழுபத்தி ஆறு.
எழுபத்தி நாலு.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.
நான் என்னத்தைச் சொல்ல.
விரலைக் கவ்வியிருந்த சிவப்பு வெளிச்சம்
மூன்று வருசம் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.
எண்பதைத் தொட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.
அறுபதுக்கு இறங்கினால்
ஜெகதாஸ் ஆட்டோவுக்கு ஓடுவார்,
செருப்புப் போடாமல்.

கொழும்பில் நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு
நாவற்பழம் தின்ற வாய் போய்
உதடு சிவந்தது.
முத்தையன்கட்டே வந்து பார்த்தது.
"இனிப் பயமில்லை" என்று தேங்காய் உடைத்தது.
ஆறு மாதமாய் அவள் விரலில் தொண்ணூற்றெட்டு.
அந்த எண்ணை அவள் இன்னும் நம்பவில்லை,
ஒரு நாளும் சொன்னதில்லை.

டொக்டர் காகிதத்தில் ஒரு இதயம் கீறி
தலைக்கு ஒரு கோடு இழுத்தா.
"வயித்துக்குள்ளை இருக்கேக்கையே
தலைக்குப் போன ரத்தத்திலை ஒட்சிசன் குறைவு.
நிறைமாதத்திலை பிறந்தாலும்
மூளை ஒரு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையின்ரை மாதிரி.
பேந்தும் மூண்டு வருசம்..."

நான் வலதுகரை வாய்க்கால்காரி,
அந்தக் கோடு எனக்கு விளங்கும்.
குளம் வான்பாய்ந்த வருசத்திலும்
கடைசி வயலுக்குத் தண்ணீர் நாலு நாள் பிந்தித்தான் வரும்.
வயலென்றால் விதைப்பைத் தள்ளிப்போடலாம்.

"சுகமாகிட்டாள் எண்டல்லோ சொன்னவை?"
"இதயம் சுகம்" என்றா.
அதோடு நிப்பாட்டினா.

கட்டை அடுக்கச் சொன்னார்கள்.
நாலாவது நின்றது. ஐந்தாவதோடு எல்லாம் சரிந்தது.
வர்ணிகா அழவில்லை.
சிவப்புக் கட்டையைத் தேடி எடுத்து
டொக்டரின் விரல்நுனியில் வைத்து அழுத்தி
முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.
டொக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
"தொண்ணூற்றொன்பது" என்றா.
இல்லை என்று தலையாட்டினாள் என்ரை பிள்ளை.

கொப்பியில் எழுதித் தந்தார்கள்:
மணி கோர்த்தல், பொத்தான் பூட்டல்,
பேச்சுப் பயிற்சி, செவ்வாய்தோறும் கிளிநொச்சி.
மாங்குளத்தில் பஸ் மாறவேண்டும்.
செவ்வாயில் எனக்குக் கச்சான் பிடுங்குற கூலி இருக்கு,
அதை வீட்டில் போய்ப் பார்ப்போம்.

பஸ்ஸில் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்,
எண் வரட்டும் என்று.
ஒண்டு, என்றேன்.
என் வாயைப் பார்த்தாள்.
முறிகண்டி தாண்டி
அடுத்த விரலுக்கு மாறினாள்.
இரண்டு என்று
நான்தான் சொன்னேன்.