ஆட்டம்

பரிசோதனை நிலையத்துப் பையன்
பின்சக்கரத்தைப் பிடித்து
இடவலமாய் ஒருமுறை அசைத்தான்.
"ஆட்டம் இருக்கு" என்றான்.
எனக்கு முன்பே தெரியும்.
கிராஞ்சி வளைவில் இரண்டு மாதமாய்
வண்டி வாலாட்டிக்கொண்டுதான் வந்தது.
தாளில் பெயர்: கோமளா, வீரையாவின் மகள்.
முடிவு: தோல்வி.

காக்கி புக்கிட்டில்
முந்நூற்று இருபது வெள்ளி கேட்டார்கள்.
பேரிங் இரண்டும் சேர்த்து முப்பத்தெட்டு.
மீதி இருநூற்று எண்பத்திரண்டு
அதைக் கழற்றத் தெரிந்ததற்கு.

கார்நிறுத்தத்தில் சுத்தியல் தூக்கக் கூடாது.
ஸ்விங் ஆர்மை மட்டும் உருவிப்
பழைய துண்டில் சுற்றி
எட்டாம் மாடிக்கு ஏற்றினேன்.
லிஃப்டில் கூட வந்தவர்
நாய்க்குட்டி என்று நினைத்துக் குனிந்தார்.
கிரீஸ் வாடை. நிமிர்ந்துவிட்டார்.

சமையலறைத் தரை.
அழுத்தும் எந்திரம் இல்லை,
இழுக்கும் கொக்கி இல்லை,
பிடித்துக்கொள்ள இடுக்கி இல்லை.
ஃப்ரீசரில் புதுப் பேரிங்குகள்
மீன் உருண்டைப் பொட்டலத்தின் மேல்
சுருங்கிக்கொண்டிருந்தன,
கண்ணுக்குத் தெரியாத அளவு.
அந்த அளவுதான் வேண்டும்.

சாக்கெட்டை வைத்து ஓங்கி மூன்று அடி.
நான்காவதற்குக் கையை ஓங்கும்போது
அழைப்பு மணி.

ஏழாம் மாடி ஷு மின். பைஜாமா, தடித்த கண்ணாடி.
"ஆன்ட்டி, நாளைக்கு எனக்குக் கணக்கியல் தேர்வு."
மன்னிப்புக் கேட்டேன்.
அவள் போகவில்லை.
தரையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அது என்ன, கையா?"
கைதான் என்றேன்.

அப்புறம் சத்தமில்லாத வழி.
ஜாலான் புசாரில் வாங்கிய
மரை போட்ட நீளக் கம்பி.
ஒரு முனையில் சின்ன சாக்கெட், தள்ள.
மறு முனையில் பெரிய சாக்கெட், வாங்கிக்கொள்ள.
இரண்டு பக்கமும் நட்டு.
கெட்டிலிலிருந்து கொதிநீர், அலுமினியத்தின் மேல்.
ஒரு நட்டை அவள் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள
மற்றதை நான் முறுக்கினேன்.
கால் சுற்று. நிறுத்து.
கால் சுற்று.
பல்லைக் கடித்தது நானா கம்பியா தெரியவில்லை.
ஒன்றும் அசையவில்லை.
ஒன்றும் அசையவில்லை.
டக்.

அதற்குப் பிறகு
வெண்ணெயில் இறங்கிய கத்தி என்று சொல்லமாட்டேன்.
முக்கி முனகித்தான் வந்தது,
பதினோரு ஆண்டு மழைத்தண்ணீர் குடித்த துருவோடு.
காய்ந்த மிளகாய்த்தூள் மாதிரி
தட்டெல்லாம் சிவப்பு.
உள்ளேயிருந்து ஊசிகள் கொட்டின:
காதில்லாதவை, எதையும் தைக்காதவை,
உருண்டு உருண்டே தேய்ந்தவை.

ஷு மின் எண்ணினாள். யாரும் சொல்லவில்லை.
வலப்பக்கம் இருபத்தாறு.
இடப்பக்கம் இருபத்தைந்து.
மறுபடி எண்ணினாள்.
"ஒத்துவரல ஆன்ட்டி."
பழசுதானே, குப்பைதானே என்றேன்.
"ஆனா ஒத்துவரல."
குளிர்பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்தோம்.
காந்தத்தைத் தரையெல்லாம் உழுதோம்.
கிடைத்தது ஒரு கிளிப்பும் என் மூக்குத்தித் திருகும்.
பதினொன்றேகாலுக்குக் கிளம்பினாள்,
மனசே இல்லாமல்.

புதுசு இரண்டும் அதே கம்பியில்
அரை மணியில் போய் உட்கார்ந்தன.
செவ்வாய்க்கிழமை மறுபடி அதே பையன்.
அசைத்துப் பார்த்தான்.
வேறெங்கோ பார்த்துக்கொண்டே முத்திரை குத்தினான்.

கிராஞ்சி வளைவில் வண்டி
கோடு போட்ட மாதிரி திரும்பியது.
நான்தான் நிம்மதியாயில்லை.
அந்த ஒற்றை ஊசி
துடைத்தும் போகாமல் உள்ளேயே தங்கி
புது கிரீஸில் முகம் புதைத்து
நேரம் பார்க்கிறதோ என்று
ஹெல்மெட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு
நாற்பதில் ஓட்டினேன்.
பின்னால் லாரிக்காரன் திட்டினான்.

வியாழன் மாலை இரும்புக் கதவில்
மருந்து போடும் சின்ன ஜிப் பை தொங்கியது.
உள்ளே ஒரு ஊசி.
சீட்டில் உருண்டையான எழுத்து:
"என் செருப்படியில் குத்தியிருந்தது.
இப்போது ஒத்துவருகிறது."
தேர்வைப் பற்றி ஒரு வரி இல்லை.

தட்டில் போட்டு
நானும் ஒருதரம் எண்ணினேன்.
இருபத்தாறு.
பிறகு எல்லாவற்றையும்
குப்பையில் கொட்டினேன்.