ஏழாம் வாரம்

ரெடுயி வளாகத்தில் எங்கள் வகுப்புக்கு
நான்கு ஆசிரியர்கள்.
திங்கள் வரலாறு, செவ்வாய் இலக்கியம்,
புதன் இசை, வியாழன் சட்டமும் நிலவியலும்.
வெள்ளிக்கிழமை நால்வரும் வரிசையாக உட்கார்ந்து
அமெரிக்கா என்றால் என்ன என்று
எங்களைக் கேட்பார்கள்,
தங்களுக்குள் முடிவாகாததால்.

எனக்குப் பிடித்திருந்தது.
அலபாமாவில் இழுத்த மூச்சை
வயோமிங்கில்தான் விடுவேன்.
பருத்திக்காட்டுப் பாட்டு
பித்தளைக் குழலுக்குள் எப்படி ஏறியது என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
செல்லாப்பெர்மால் என்ற என் குடும்பப் பெயரை
நால்வரும் நான்கு விதமாகக் கூப்பிட்டார்கள்,
நான்குக்கும் கை தூக்கினேன்.

நோவேலா கடைசி வரிசை.
காஸிஸிலிருந்து வருவாள்
ஈரம் காயாத தலையோடு,
தாளில் சுற்றிய பருப்புப் பூரியோடு.
மாநிலங்களை ஒப்பிக்கச் சொன்னால்
பதின்மூன்றில் நிறுத்திக்கொள்வாள்.
"முதலில் இருந்தது அவ்வளவுதானே."

ஏழாம் வாரம்: எல்லைப்புறம்.
படைவீரர் முன்னும் பின்னும் வர
செரோக்கீகள் நடந்த வழி,
வழியில் புதைத்த பிள்ளைகள்.
அப்புறம் 1890.
எல்லைப்புறம் என்று ஒன்று இனி இல்லை என
மக்கள்தொகைக் கணக்கில் எழுதிவைத்த ஆண்டு.
மிஸ்யே லாவேர்ஜ் உலகப் படத்தைச் சுவரில் மாட்டி
ஆளுக்கொரு குண்டூசி தந்தார்.
"அமெரிக்கக் கதை நடந்த இடம் ஒன்றில் குத்துங்கள்."

நான் மிசிசிப்பியில் குத்தினேன்.
எனக்கு முன்பே அங்கே ஐந்து ஊசி.
ஆற்றுக்கே வலித்திருக்கும்.

நோவேலா எழுந்து வந்தாள்.
அமெரிக்காவைத் தாண்டினாள்,
ஆப்பிரிக்காவைத் தாண்டினாள்,
எங்கள் தீவுக்கு மேலே, மாலத்தீவுக்குக் கீழே,
நீலத்தைத் தவிர எதுவும் அச்சாகாத இடத்தில்
குத்தினாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"அது பாடத்திட்டத்தில்... எந்த வாரம்?"

"அம்மாவுக்கு அப்போது நான்கு வயது."
கிரியோலில் சொன்னாள்.
வகுப்பில் ஆங்கிலம்தான் என்பதை
மறந்து அல்ல.
"ஒரு பெட்டி, ஒரு பாய்.
கப்பலில் குதிரைகளுக்கு மேல்தளம்,
எங்கள் ஆட்களுக்குக் கீழ்த்தளம்.
நாய்களை ஏற்றவில்லை.
கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்துப்
புகை போட்டார்கள்.
மாமாவுடைய நாயின் பெயர் சித்ரோன்.
இப்போது அங்கே விமானம் இறங்கும் பாதை.
பந்துருட்டி விளையாடும் கூடம்கூட இருக்கிறதாம்.
அமெரிக்கக் கலாச்சாரம்தான், ஸார்.
எந்தக் கிழமையில் வேண்டுமானாலும்
சேர்த்துக்கொள்ளலாம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி
இருமலாக மாற்றிக்கொண்டான்.

ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவில் போகையில்
பணப்பையைத் திறந்தேன், எதற்கென்று தெரியாமல்.
ரூபாய்த் தாளில் என் எழுத்து இருந்தது,
நூறு என்று, தமிழில்.
அதைப் பார்த்துப் பூரித்த நாட்கள் உண்டு.
மார்ச் பன்னிரண்டுகளில்
நாலு வண்ணக் கொடி குத்திக்கொண்டு
வெயிலில் நின்றிருக்கிறேன்.
அந்தத் தீவுகளைக் கழித்துக்கொண்ட பிறகுதான்
எங்கள் கொடி கம்பத்தில் ஏறியது என்பது
பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி.
அதன் கீழ் கோடு போட்டிருந்தேன்,
அளவுகோல் வைத்து, நேராக.
தேர்வுக்கு வரும் என்று.

ஊசியை ஆசிரியர் பிடுங்கவில்லை.
எட்டாம் வாரம் ரயில்பாதைகள்.
நோவேலா என் புதன்கிழமைக் குறிப்புகளைக் கடன் வாங்கினாள்.
திருப்பித் தந்தபோது
நியூ ஆர்லியன்ஸ் மேல் எண்ணெய்க் கறை.
"மன்னிச்சுக்கோ" என்றாள்.
எதற்கு அவள் சொல்கிறாள் என்று தோன்றியது,
வாயில் வரவில்லை.

நவம்பர் தேர்வு. முதல் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
எல்லைப்புறம் எப்போது முடிந்தது?
1890 என்று எழுதினேன்.
மற்றவற்றையும் எழுதி, நூல் கட்டி,
மணிக்கு முன்பே எழுந்தேன்.
கடைசி வரிசையில்
முதல் கேள்வியைத் தாண்டாத நோவேலா
கூடுதல் தாள் கேட்டுக்
கை தூக்கியிருந்தாள்.