ஆயிரத்து இருபத்து நான்கு

கொசப்பேட்டையில் மெஹருன்னிசாவின் இ-சேவை மையம்.
ஆறு பழைய மடிக்கணினிகள்,
ரிச்சி தெருவில் மொத்தமாக எடுத்தவை.
ஆறுக்குள்ளும் ஒரே கம்பெனியின் வைஃபை கார்டு.
கம்பெனி மூடிப் பதினோரு வருஷம்.

எத்திராஜுலு முகவரி மாற்ற வந்திருந்தார்.
பழைய கதவு எண், புதிய கதவு எண்,
மஞ்சள் பையிலிருந்து எடுத்து எடுத்துச் சொல்ல
அவள் எல்லாம் அடித்து முடித்து
‘சமர்ப்பி’யை அழுத்தினாள்.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
“போச்சு” என்றாள்.
அவர் மறுபடி கதவு எண்ணிலிருந்து தொடங்கினார்.

மழை என்றார்கள்.
பக்கத்து பிரியாணிக் கடை மைக்ரோவேவ் என்றார்கள்.
அந்தக் காலத்துச் சுவர், உள்ளே கம்பி அதிகம் என்றார்கள்.
ஒருத்தர் ரவுட்டரைக் கழற்றி
காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
ராத்திரி ஒன்றரைக்குத் தேடச் சொன்னதும்
காற்றில் இருந்தவர்கள் வரிசையாக வந்தார்கள்:
மோட்டார்_போடாதே
மூணாவது மாடி வாடகை பாக்கி
எங்கப்பா காசு
பெயரே இல்லாத ஒன்று.
ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறை
இருக்கிறேன் இருக்கிறேன் என்று.
இந்தத் தெருவில் இத்தனை பேர் விழித்திருப்பது
எனக்குத் தெரியாது.

கெர்னலில் இந்தக் கார்டுக்கென்று
நாலாயிரத்துச் சொச்சம் வரி. டிரைவர் என்று பெயர்.
எழுதியவர் யாரோ. நடுவில் ஓரிடத்தில்
‘இது ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை’
என்று குறிப்பு.
நேர்மையானவர்.

கார்டு தூங்கும். அது குற்றமில்லை.
பேச்சு இல்லாதபோது, பாட்டரி மிச்சமாகட்டும் என்று
கண்ணை மூடும்.
தூங்குகிறவர்களுக்கு வந்த பொட்டலங்களை
ரவுட்டர் எடுத்துவைத்து
ஒவ்வொரு அறிவிப்பிலும்
உனக்கு ஒன்று இருக்கிறது, உனக்கு ஒன்று இருக்கிறது
என்று சொல்லும்.
அப்போது விழித்திருந்தால் போதும்.

எதிர்வீட்டு புஷ்பராணிக்கு ராத்திரி ஷிப்ட்.
தண்ணி லாரிக்கு அலாரம் வைத்துப் படுப்பாள்.
எழுந்து, பால்கனியில் எட்டிப் பார்ப்பாள்.
தெரு காலி.
இன்றைக்கு வராது போல என்று போய்ப் படுப்பாள்.
அதற்கப்புறம்தான் லாரி முனையில் திரும்பும்.
அவள் குடம் மட்டும் வரிசையில்,
பச்சை, விளிம்பு உடைந்தது,
நகராமல்.

அவள் தாமதம் இல்லை.
முன்னாலேயே எழுந்துவிடுகிறவள்.
இது எனக்குத் தட்டியது மூன்றாம் ராத்திரி.

அலைகளின் விதிப்புத்தகத்தில் ஒரு கால அலகு
ஆயிரத்து இருபத்து நான்கு மைக்ரோசெகண்ட்.
டிரைவர் ஆயிரம் என்று வைத்திருக்கிறது.
முழு எண். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.
நூறு அலகுக்கு ஒரு அறிவிப்பு.
நூறு இருபத்து நான்குகள்:
இரண்டரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக
முன்னால் விழிக்கிறது.
இரண்டு மில்லிசெகண்ட் காது கொடுக்கிறது.
தெரு காலி.
படுத்துக்கொள்கிறது.
அடுத்த முறை இன்னும் முன்னால்.
ஏழு தடவை கேட்காமல் போனால்
ரவுட்டர் செத்துவிட்டதென்று முடிவுகட்டி
கெர்னல் கணக்கை மூடுகிறது.

ஆணியில் அது
எத்திராஜுலுவின் பொட்டலத்தை வைத்துக்கொண்டு
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெருக்கலில் ஒரு எண். மாற்றினேன்.
மேலே ‘லாரி வரும்வரை நில்’ என்று தமிழில் எழுதி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து
அழித்துவிட்டு
ஊர் உலகத்துக்குப் புரிகிற
வறண்ட வாக்கியம் ஒன்று போட்டேன்.
கம்பைல் முடிய முப்பத்தைந்து நிமிஷம்.
அதற்குள் இரண்டு தடவை கரண்ட் போய்
மின்விசிறி நின்றது. கொசு.

வியாழக்கிழமை ஆறிலும் ஏற்றிக் கொடுத்தேன்.
“மழை விட்டதும் நெட்டு சரியாயிடுச்சு பாருங்க”
என்றாள் மெஹருன்னிசா.
ஆமாம் என்றேன்.

எத்திராஜுலு இருபது நிமிஷம் பையைத் துழாவினார்.
கார்டு நடுவே பலமுறை தூங்கி, சரியாக எழுந்தது.
அழுத்தியவுடன் போய்ச் சேர்ந்தது
புதிய கதவு எண்,
பழையது என்ற கட்டத்தில்.