மூன்றாவது மேடு

கொச்சியிலிருந்து வந்த பென்டிரைவைச் செருகியதும்
திரையில் வந்து நிற்பது மூலக்கூறு இல்லை,
தவிட்டு நிற உருண்டைகளின் கும்பல்.
கியூ ஒன்று, கியூ இரண்டு, கியூ முப்பத்தெட்டு.
ரேஷன் கடை டோக்கன் மாதிரி
எண் மட்டும் உண்டு, இன்னும் பேரில்லை.

மேலே ஏழு மெனு.
ஐந்தை எனக்குத் தெரியும்.
ஆறாவதைத் திறந்து ஒருமுறை
கூட்டின் அச்சுகளை மாற்றிவிட்டேன்,
மூன்று நாள் வேலை தலைகீழாகத் தொங்கியது.
ஏழாவது 'உதவி'.
அதை எழுதியவருக்கு என்னைத் தெரியாது.

வலது பொத்தானை அமுக்கினால் பட்டியல் விரியும்:
கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், மற்றவை.
ஒவ்வொன்றாகப் பேர் வைக்கிறேன்.
கந்தகத்தைத் தன்போக்கில்
குளோரின் என்று சொல்லியிருந்தது. திருத்தினேன்.
அதற்குக் கோபம் வரவில்லை,
ஆர் மதிப்பு மட்டும் அரை இறங்கியது.
ரிஃபைன். பத்துச் சுற்று.
ஹைட்ரஜன் சேர். ரிஃபைன்.
உருண்டைகள் முட்டை ஆகின்றன.
எந்தப் பக்கம் அதிகம் நடுங்குகிறது என்பதை
ஒவ்வொரு அணுவும் உடம்பாலேயே காட்டுகிறது.

வெளியே மார்கழிக் கணவாய்க் காற்று
கொழிஞ்சாம்பாறைச் சாலைப் புழுதியை எல்லாம்
பாலக்காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

எல்லாவற்றுக்கும் பேர் வைத்த பிறகும்
கூட்டின் மூலைப் பள்ளத்தில் மூன்று மேடு மிச்சம்.
ஆர் மதிப்பு ஒன்பது புள்ளி இரண்டில்,
கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காத ஆள் மாதிரி.

அதற்கும் ஒரு கருவி உண்டு, நான்காவது மெனுவில்:
கரைப்பான் மறைப்பு.
பள்ளத்தில் யார் இருந்தாலும் கேள்வி கேட்காது,
அத்தனை எலக்ட்ரானையும் எண்ணிக் கழித்துத்
துடைத்துத் தந்துவிடும்.
தட்டினேன்.
நான்கு புள்ளி ஒன்று!
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
திரும்பி வந்து பார்க்கும்போது பள்ளம்
கவிழ்த்து வைத்த பாத்திரம் போலச் சுத்தம்.
கீழே சின்ன எழுத்தில்,
நீக்கியது: மூலக்கூறுக்கு இருபத்தாறு எலக்ட்ரான்.

ஜெசிந்தாவின் நோட்டில் மெத்தனால் என்றிருக்கிறது.
மெத்தனாலுக்குப் பதினெட்டுதான்.
விரல்விட்டுக் கூட்டினேன்,
மறுபடியும் பதினெட்டு.

பின்வாங்கு.
மூன்று மேடும் பழைய இடத்தில் வந்து நின்றன,
துரத்தியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.
தூரம் அளக்கும் கருவியை எடுத்தேன்.
முதல் மேட்டுக்கும் இரண்டாவதற்கும்
ஒன்று புள்ளி நாலு இரண்டு ஆங்ஸ்ட்ராம்.
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒன்றரை.
ஆக்சிஜன், கார்பன்,
அப்புறம் இருக்கவே கூடாத இன்னொரு கார்பன்.

போன் போட்டேன்.
'ஏய், குப்பியில என்னத்த ஊத்துன?'
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில்.
'மெத்தனால் கேனை வேலந்தாவளத்துல
புடிச்சு வச்சுட்டாங்கப்பா,
பர்மிட்ல ஒரு சீல் கொறையுதாம்.
எக்சைஸ்காரரு மோந்து பாத்துட்டு
இது குடிக்கான் உள்ளதோன்னு கேட்டிருக்காரு.
அலமாரியில எத்தனால் இருந்துச்சு, ஊத்திட்டேன்.
நோட்டுல முன்னாடியே எழுதியாச்சு.
அடிச்சு எழுதுனா சார் கேப்பாரு.'
பிறகு மெதுவாக,
'அதெல்லாமா அதுல தெரியுது?'

மூன்றாவது மேட்டின் மேல் அம்பை வைத்தேன்.
கார்பன்.
ஓரிடத்தில் நிற்கவில்லை அது,
முட்டை நீண்டு நீண்டு கொழுக்கட்டை ஆனது.
இரண்டாகப் பிரி: ஐம்பத்தெட்டு இங்கே,
நாற்பத்திரண்டு அங்கே.
ரிஃபைன்.
ஐந்து புள்ளி மூன்று.
நான்கு புள்ளி ஒன்றைப் பார்த்த கண்ணுக்கு
அசிங்கமான எண்தான்.

கோப்பின் நடுவில் ஒரு காலி இடம் கேட்கிறது,
எதிலிருந்து படிகமாக்கப்பட்டது?
எத்தனால் என்று அடித்தேன்.
சேமிக்கவில்லை, நாளை ஜெசிந்தா வரட்டும்.
சாலையில் சித்தூர்த் தோப்புக் கள்ளு ஏற்றிய வண்டி,
கண்ணாடியில் பர்மிட் ஒட்டி,
கேன் மூடிகளில் நுரை கசிய
மேற்கே போய்க்கொண்டிருந்தது.