பனிக்கணக்கு

குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு கோடு போட்ட நோட்டு.
நூலில் கட்டிய பென்சிலைக் கடித்தது யாரென்று
எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

நவம்பர் பதினொன்று என்று போட்டு எழுதுகிறேன்:
கல்லவேசி ஏரி, ஓரத்தில் கண்ணாடி பிடித்திருக்கிறது.
அதன் கீழே சிர்க்கா:
உன் இடது பூட்ஸ் ஒழுகுகிறது. புதிது வாங்கு.

மூன்று மணிக்கே இருட்டிவிடும் குவோப்பியோவில்
மாலையைத் தனியாளாகத் தின்று தீர்க்க முடியாது.

அவள் மேசையில் இரண்டாயிரம் துண்டுகள்.
ஏதோ ஒரு துறைமுகம், படகுகள், ஒரு நாய்.
எல்லோரும் ஓரத்திலிருந்து கட்டுவார்கள்,
இவள் நாயின் காதிலிருந்து தொடங்குவாள்.
வானம் மட்டும் அறுநூறு துண்டு.
டிசம்பர் முழுக்க அதைத் தொடமாட்டாள்.

எனக்குத் துரப்பணம், மடக்கு நாற்காலி,
ஃபிளாஸ்கில் காப்பி, ஏரியில் ஒரு சாண் துளை.
கையகலப் பெர்ச் மூன்று கொண்டுவந்தால்
"இதை ஆய்கிற நேரத்தில்
கடைக்குப் போய் சால்மன் வாங்கியிருக்கலாம்" என்பாள்.
கணக்கு சரிதான்.
கணக்குக்காகவா ஒருவன் பனிமேல் போய் உட்காருவான்?

சனிக்கிழமை சவுனா.
அகப்பை அவள் கையில், சுடுகற்கள் சீறும்.
முதலில் "போதும்" என்பவர் பாத்திரம் கழுவ வேண்டும்.
பதினெட்டு வருடமாக நான்தான் கழுவுகிறேன்.

பிப்ரவரியில் பள்ளிக்குப் பனிச்சறுக்கு விடுமுறை.
ஒருமுறை வுவோகத்தியில் மரவீடு எடுத்தோம்.
முதல் நாள் இல்மரி வாந்தியெடுத்தான்.
இரண்டாம் நாள் வென்லா.
மூன்றாம் நாள் நான், கொஞ்சம் அதிகமாகவே.
எட்டுச் சறுக்குக்கட்டைகளும் வாசலில் சாய்ந்தபடி
எங்களுக்குப் பதிலாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.
சிர்க்கா மட்டும் நிமிர்ந்து நடந்தாள், வாளிகளோடு.
தெம்பு வந்த இரவுகளில் சீட்டாட்டம்.
உப்பு பிஸ்கட்டைப் பந்தயம் வைத்து
வென்றதைச் சாப்பிடப் பயந்துகொண்டு சிரித்தோம்.
அந்த வாரத்துக்கு நோட்டில் அவள் கையெழுத்து:
நல்ல விடுமுறை. இன்னொரு வாளி வேண்டும்.

அதற்கு முந்தைய ஜனவரியில்
எட்டாம் தேதியிலிருந்து இருபத்துமூன்று வரை
ஒன்றுமில்லை. கோடுகள் மட்டும்.
ஏனென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.
ஏரியில் அந்தப் பதினாறு நாளும்
இருட்டிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.
வீட்டில் வானம் உட்பட முழுப் படமும் முடிந்திருந்தது.
இருபத்துநான்கில் அவள் எழுதினாள்:
மைனஸ் முப்பத்தொன்று. கார் கிளம்பவில்லை.
அதன் கீழே நான்:
தள்ளுகிறேன்.

இந்தப் பிப்ரவரியில் பிள்ளைகள்
நண்பர்களோடு வடக்கே போய்விட்டார்கள்.
நாங்கள் எங்கும் போகவில்லை.
நேற்று துளை போட்டு உட்கார்ந்த அரை மணியில்
பின்னால் பனி நொறுங்கும் சத்தம்.
சிர்க்கா. கம்பளிக்குள் கம்பளி.
கையில் கேக் சுடும் தட்டு, அதில் அறுநூறு துண்டு வானம்.
"வீட்டு விளக்கில் எல்லாம் ஒரே நீலம்.
இங்கேதான் பிரியும்."
இத்தனை வருடத்தில் அவள் ஏரிக்கு வந்தது முதல் தடவை.
அதுவும் எனக்காக இல்லை, வெளிச்சத்துக்காக.

பேசவில்லை. கையுறையைக் கழற்றிக் கழற்றி
வெளிறியதை ஒரு பக்கம்,
மேகம் தொட்டதை ஒரு பக்கம் என்று ஒதுக்கினாள்.
விரல் விறைத்தபோது
கேட்காமலே என் சட்டைப்பையில் கை விட்டாள்.
தூண்டில் அசைந்தது. நான் கவனிக்கவில்லை.
பிறகு காற்றோ, அவள் முழங்கையோ,
ஒரு துண்டு நழுவித் துளைக்குள் விழுந்தது.
நல்லவேளை, அட்டை மிதக்கும்.
பனித்தூள் வாருகிற ஜல்லிக்கரண்டியால்
என் வாழ்நாளின் மிகக் கவனமான மீனை எடுத்தேன்.

இப்போது அது சூடாக்கியின் மேல் காய்கிறது,
பல்வலிக் கன்னம்போல உப்பி.
இனி அதன் இடத்தில் பொருந்துமா, தெரியாது.
அழுத்திப் பார்ப்பாள்.

நோட்டில் எழுதினேன்:
பெர்ச் இல்லை. வானம் ஒன்று, ஈரத்தோடு.

அதன் கீழே அவள், ஒரே சொல்:
பூட்ஸ்.