இருபது கிலோவுக்குக் கீழே

காலை ஆறு மணிக்கு அதற்கு இன்னும்
2008 ஜனவரி ஒன்று.
தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி செத்து இரண்டு வருடம்.
கதவைத் திறந்ததும் முதல் வேலையாக
இன்றைய தேதியைச் சொல்லித் தருவேன்.
மறந்த அன்று
குல் ஜமானின் லாரி பதினான்கு டன் இரும்போடு
நான் விசா எடுப்பதற்கு முன்பே
சஜாவுக்குள் நுழைந்துவிட்டதாக ரசீது வந்தது.
அவர் அதைக் கிழிக்கவில்லை.
அப்போது டீசல் மலிவு என்று
மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பேட்டரி நாலு திர்ஹாம்.
யாருடைய நாலு என்பதில்தான்
பிரசோபுக்கும் எனக்கும் இரண்டு வருடம் ஓடியது.

வேறு கணினி கேட்டுப் பார்த்தாயிற்று.
எடைமேடையிலிருந்து வரும் கம்பிக்கு ஒன்பது துளை.
அதற்கேற்ற ஊசிகள் புதியவற்றில் இல்லை.
ஓடுகிறவரை ஓடட்டும் என்றார் அர்பாப்,
வண்டியின் கண்ணாடியை இறக்காமலே.

ஜூலையில் அது ஓடவில்லை.
லாரி மேடையில் ஏறி நிற்கும்,
எண் நிலைக்கும்,
அச்சடி என்று தட்டுவேன்,
திரை கறுக்கும்.
பிறகு மூன்று பீப்.

மூன்று பீப் என்றால் நினைவகம்.
கழற்றி, அதன் தங்கப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன்.
பீப் நின்றது.
கறுப்பது நிற்கவில்லை.

விசிறியைக் கழற்றினேன். அதில் இருந்தது மணல் இல்லை.
சிமெண்ட்டும் துருவும் கடல் ஈரமும் சேர்ந்து
அதிரசப் பதத்துக்கு வந்த ஒரு மாவு.
பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று அதற்கே போனது.
ப்ராசசர் மேல் காய்ந்து வெடித்திருந்த பசையைச் சுரண்டிப் புதுசு தடவினேன்.
ஹார்ட் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டேன்.
வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகி,
ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்று என்ற விதியை
ஒரே மதியத்தில் ஐந்து முறை மீறி,
எதனால் சரியானது என்று தெரியாமல் சரியாகி,
எதனால் என்று தெரியாமலே மறுபடி கெட்டு.

அப்புறம்தான் வீணான ரசீதுகளின் முதுகில்
நேரம் குறிக்க ஆரம்பித்தேன்.
11.12. 11.31. 11.49. 12.08.
லாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
வெயிலுக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன்.
சனிக்கிழமை கேபினில் ஏசி கெட்டது.
அன்று பூராவும் கணினி ஒருமுறைகூட அணையவில்லை.
அணையப் பார்த்தது நான்.

ஏசியைச் சரிசெய்த ரோடல் போன பிறகு
உட்கார்ந்து கவனித்தேன்.
கம்ப்ரசர் திம்மென்று எழும்.
குழல்விளக்கு ஒருமுறை கண் கொட்டும்.
அந்தக் கொட்டலைத் தாங்க முடியாமல் இது விழும்.

மூன்று வாரம் இப்படி நடத்தினேன்:
லாரி வந்தால் ஏசியை நிறுத்து, லாரி போனால் போடு.
நாற்பத்தேழு டிகிரியில்
ரசீதின் மேல் என் வியர்வை சொட்டி
டன்னும் கிலோவும் கலங்கின.
பிரசோப் மேலே எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு வண்டி நிறையக் கழித்துப்போட்ட கணினிகள்.
ஏதோ பள்ளிக்கூடம். சாவிப்பலகைகளில் இன்னும் ஸ்டிக்கர் நிலா, நட்சத்திரம்.
நானே எடை போட்டேன். நானே கொட்டச் சொன்னேன்.
இருட்டியதும் டார்ச்சோடு குவியலில் ஏறினேன்.
முதல் பவர் சப்ளையைத் திறந்தால்
என்னுடையதைப் போலவே
கப்பாசிட்டர்கள் பூரியாய் உப்பியிருந்தன.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் எல்லா மூடியும் தட்டை.
பச்சைக் கம்பியையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் சேர்த்தேன்.
விசிறி சுற்றியது.

ஆனால் அது முற்றத்துச் சரக்கு.
எடை போட்ட சரக்கு. நான் போட்ட எடை.

என்ன தோன்றியதோ, கீழே இறங்கி
எண்பது டன் மேடையின் நடுவில் நின்றேன்.
இருபது இருபதாகத்தான் அது எண்ணும்.
நான் அறுபத்து நான்கு.
சிவப்பில் 60 என்றது.
பவர் சப்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு
மறுபடி நின்றேன்.
60.

இப்போது ஏசியும் ஓடுகிறது, இதுவும் ஓடுகிறது.
பேட்டரிதான் இன்னும் வாங்கவில்லை.