கையெழுத்து ஒத்துப்போகவில்லை

செவ்வாய்ப்பேட்டைக் கிளையில் பத்தொன்பது வருடம்
மற்றவர்களின் கையெழுத்தைச் சந்தேகிப்பதுதான்
எனக்குச் சம்பளம்.

கொக்கி இடப்பக்கம் வளைந்திருந்தால்,
கோடு வழக்கத்தைவிட மூச்சு வாங்கினால்
சீட்டைத் திருப்பித் தள்ளுவேன்:
'கீழே இன்னொரு தடவை போடுங்க.'
பாவாயி ஒருநாள் நான்கு தடவை போட்டாள்.
நான்கும் நான்கு மாதிரி.
வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.
நான் கொடுக்கவில்லை பணம்.

ஐந்து ரோட்டு டாக்டர்
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார்.
வராந்தாவில் நடக்கச் சொன்னார்.
'வலது கை வீசலையே' என்றார்
குடையை மறந்துவிட்டீர்கள் என்பதுபோல.
பிறகு பார்க்கின்சன் என்றார்.
ரத்தத்தில் தெரியுமா?
தெரியாது.
ஸ்கேனில்?
'அதுல வேற எதுவும் இல்லைன்னுதான் தெரியும்.'
மொத்தம் பதினோரு நிமிடம்.
'வேற யார்கிட்டயாவது காட்டணும்னா காட்டுங்க,
நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.'
அந்த நல்ல குணம்தான் பயமாக இருந்தது.

வெளியே தள்ளுவண்டியில்
தட்டுவடை செட் வாங்கினார் சிவநேசன்.
பீட்ரூட் துருவல் சேலையிலும் ஃபைலிலும் சிந்தியது.
துடைத்துக்கொண்டே 'வேலூர் போயிடலாம்' என்றார்.
தம்பி, கோயமுத்தூர்.
நாத்தனாருக்கு ஏற்காட்டில் யாரோ மூலிகை தருகிறாராம்,
இருபதாவது கொண்டை ஊசி தாண்டி.
எல்லோரிடமும் ஓர் ஊர் இருந்தது.

முதல் டாக்டர் தவறாக இருக்கலாம் என்பதில்
கடைசியில் வருகிற அந்த 'லாம்',
அதில்தான் மூன்று வாரமாகக் குடியிருக்கிறேன்.
வாடகை அதிகமில்லை.
இரண்டாமவரும் அதையே சொன்னால்
காலி செய்ய வேண்டும்.

இதே நான்,
ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்காமல்
ஒரு ரூபாயை நகர விட்டதில்லை.
யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை,
பாவாயியைத் தவிர.

இன்று காலை மாடியில் துணி காயப்போடும்போது
சேர்வராயன் மலை இல்லை. மேகம்.
சரிபார்க்க யாரையும் கூப்பிடவில்லை.

மதியம் என் கணக்கிலிருந்து
பதினைந்தாயிரம் எடுக்கச் சீட்டு எழுதினேன்.
எதற்கென்று எழுதச் சீட்டில் இடம் கிடையாது.
புதிதாக வந்த பிரிட்டோ
திரையைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
திரையில் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய சுலோசனா,
கடைசி எழுத்தின் கால் கட்டத்தைத் தாண்டிப் பாய்ந்திருந்தது.
சீட்டில் இருப்பவள்
எறும்பு இழுத்துப்போன சர்க்கரை மாதிரி
போகப்போகச் சிறுத்திருந்தாள்.

'மேடம்... கீழே இன்னொரு தடவை...'

போட்டேன்.
பின்னால் வரிசை காத்திருந்தது.